கன்னியம்மாவின் கடைவாய்ப் பல் குறித்த பரிசீலனை

ராயபுரத்தில் இருக்கும் கடல்சார் உழைப்பாளர் வாய்நல உயர் நிலையத்தைக் குறை சொல்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் அவர்களில் ஒருவன் இல்லை. எனக்குப் பல் நன்றாக இருக்கிறது. அங்கே போக வேண்டிய அவசியம் இதுவரை வரவில்லை, ஆகவே அந்த நிலையத்தின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மூன்று மாடிக் கட்டடம். வாசலில் கிரானைட், கிரானைட்டில் திறந்துவைத்தவர்களின் பெயர்கள். உள்ளே நுழைந்ததும், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கும் ஒரு மீனவரின் படம். அவர் எந்தக் குப்பத்து ஆள் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. சனங்கள் பல்லாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் உள்ளே இருப்பவர்கள் மனம் வருந்துவார்கள் என்று கேள்வி, அதனால் நான் நிலையம் என்றே எழுதுகிறேன்.

கன்னியம்மாவுக்கு அந்த நிலையத்துக்குப் போகவேண்டி வந்துவிட்டது.

கன்னியம்மா காசிமேட்டில் மீன் ஏலம் கூவுகிறவள். வயது நாற்பத்தொன்பது. சிலுவைமுத்துவின் விசைப்படகையும் சேர்த்து நாலு படகு மீன் பதினெட்டு வருஷமாக அவள் வாயால்தான் விலைபோகிறது. அவள் கூவ ஆரம்பித்தால் பெட்டியில் போட்ட ஐஸ் கரைவதற்குள் மீன் கை மாறிவிடும். இரண்டு வியாபாரிகள் போட்டிக்கு நின்றுவிட்டால் அவள் கழுத்து தன்னால் வேலை செய்யும். இவர் பக்கம் திரும்பி ஒரு தலையாட்டல், அவர் பக்கம் திரும்பி ஒரு தலையாட்டல். சம்மதம் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. காதில் வாங்கிக்கொண்டேன், மேலே ஏத்து என்று அர்த்தம். காசிமேட்டில் மீன் திருட வரும் பூனைக்குக்கூட இது தெரியும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கோடையில் அறுபத்தோரு நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து முதல் மீன் வந்து இறங்கும் விடியலில், ஏலக்கூடத்தில் எந்த இடத்தில் யார் நின்று கூவுகிறாரோ, அடுத்த தடைக்காலம் வரை அந்த இடமும் அங்கே வரும் படகுகளும் அவருக்கு. பதில் ஆள் அனுப்புவது, சீட்டு எழுதிக் கொடுப்பது எதுவும் செல்லாது. சொந்த வாயால் கூவ வேண்டும். இதைச் சங்கத்தில் யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்திருந்தால் இந்நேரம் மீறியிருப்பார்கள்.

தடைக்காலத்தின் இரண்டாம் நாள் கன்னியம்மாவுக்குக் கீழ் வரிசையில் வலது பக்கக் கடைசிப் பல் வலிக்கத் தொடங்கியது. அதை ஞானப்பல் என்கிறார்கள். அவள் அதிகம் கவலைப்படவில்லை. “இன்னும் ரெண்டு மாசம் கீது. அதுக்குள்ள பாத்துக்கலாம்” என்று மகள் ஜோதிகாவிடம் சொன்னாள். ஞானம் இல்லாத பேச்சுதான், ஆனால் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

முதலில் கடைத்தெருவில் கிளினிக் வைத்திருக்கும் மொஹ்சின் டாக்டரிடம் போனார்கள். அவரும் அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

“சொத்தை உள்ள பூந்துடுச்சு அக்கா. பல்லும் சாஞ்சி மொளைச்சிகீது. புடுங்கலாம். ஆனா வேரு நரம்பு மேல உக்காந்துகினு கீது. நரம்புல பட்டா கீழ் உதடு மரத்துப்பூடும். நெறைய பேருக்குக் கொஞ்ச நாள்ல சரியாவும். சில பேருக்கு அப்டியே நின்னுடும்.”

“உதடு மரத்துப்பூட்டா எப்டி டாக்டர் கூவுறது?”

“அதான் சொல்றேன். புடுங்காம வேர் சிகிச்சையும் பண்ணலாம். மூணு தபா வரணும், ஒவ்வொரு தபாவும் ஒரு மணி நேரம் வாயப் பொளந்துகினு உக்காரணும். கடைசிப் பல்லு, கை பூவாது. நின்னாலும் நிக்கும், பூட்டாலும் பூடும். எல்லாத்துக்கும் மேல உனுக்கு நெஞ்சில ஸ்டென்ட் வெச்சிகீது, ரத்தம் உறையாத மாத்திரை முழுங்குற. நான் தனியா கை வைக்க மாட்டேன். பெரிய எடத்துல காட்டி, புடுங்குறதா வைக்கிறதான்னு ஒரு லெட்டர் வாங்கியா. எதுன்னு சொல்றாங்களோ அத்த நானே பண்ணிடறேன்.”

கேள்வி இவ்வளவுதான். பிடுங்குவதா, வைப்பதா. இதற்கு விடை எழுதி வாங்கத்தான் கன்னியம்மா நிலையத்துக்குப் போனாள்.

நிலையத்தில் தினமும் காலை எட்டரைக்கு, டோக்கன் கொடுக்கும் முன், வாய்நல உறுதிமொழி எடுக்க வேண்டும். நூற்றைம்பது பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். “என் பற்களை என் கண்களாகக் காப்பேன்” என்று ஒலிபெருக்கி சொல்ல, எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். ஒரு பல்கூட இல்லாத பெரியவர் ஒருவர்தான் அதிகச் சத்தமாகச் சொன்னார். அவர் பல்செட்டுக்காக எட்டு மாதமாக வந்துகொண்டிருந்ததால் அவருக்கு மனப்பாடம்.

பதிவு மேஜையில் கஸ்பார் என்ற எழுத்தர் இருந்தார். நல்ல மனிதர். தொழில் என்ன என்று கேட்டார்.

“ஏலம் கூவுறேன்.”

கஸ்பார் கணினியில் பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். மீனவர் இருந்தது, வலை பின்னுபவர் இருந்தது, ஐஸ் உடைப்பவர் இருந்தது. ஏலம் கூவுபவர் இல்லை.

“மீனவர்னு போட்டா படகு நம்பர் கேக்கும். வியாபாரின்னு போட்டா உனுக்கு இங்க வைத்தியமே கெடையாது. வாயால பொழைக்கிறவங்கன்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதான் கீது. மேடைப் பேச்சாளர்.”

“எத்தயாவது போடு நைனா. வலி உயிர் போவுது.”

கடல்சார் உழைப்பாளர் பட்டியலில் மேடைப் பேச்சாளர் எப்படி வந்தார் என்று கேட்கக் கூடாது. திறப்பு விழாவுக்கு வந்தவர்களில் யாருக்காவது பல்வலி இருந்திருக்கும். அடுத்த பேச்சு எப்போது என்று கணினி கேட்டது. கஸ்பார் அதை அவளிடம் கேட்டார். “ஜூன் மாசம், விடியக்காலைல, ஏலக்கூடத்துல” என்றாள் கன்னியம்மா. அப்படியே பதிவானது.

முதல் மாடியில் பல் காப்புத் துறை, இரண்டாம் மாடியில் பல் நீக்கத் துறை. ஒவ்வொரு மாடியிலும் சிவப்பு எழுத்தில் ஒளிரும் ஒரு பலகை. இவ்வாண்டு காக்கப்பட்ட பற்கள் ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு என்றது முதல் மாடிப் பலகை. இவ்வாண்டு நீக்கப்பட்ட பற்கள் ஆயிரத்து எண்ணூற்றொன்பது என்றது இரண்டாம் மாடிப் பலகை. எது அதிகமோ அந்தத் துறைக்கு ஆண்டு விழாவில் சுழற்கேடயம்.

பல் காப்புத் துறைத் தலைவர் டாக்டர் ஜெரினா, கன்னியம்மாவின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒரு பல்லைப் பிடுங்குவது சுலபம். சுலபமானதை இந்த மாடியில் நாங்கள் செய்வதில்லை. உங்கள் பல் வாழ விரும்புகிறது. அதன் குரல் எனக்குக் கேட்கிறது.”

“எனுக்கும் கேக்குது டாக்டர். ராத்திரி பூரா.”

“வலி நல்ல அறிகுறி. வலிக்கும் வரை எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது.”

பல் நீக்கத் துறைத் தலைவர் டாக்டர் பொன்ராஜ் விளக்கெல்லாம் அடிக்கவில்லை. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

“கீழே இருப்பவர்கள் நல்லவர்கள். நல்லவர்களிடம் பல்லைக் கொடுத்தால் நாலு மாதம் ஆகும். என்னிடம் கொடுங்கள், அரை மணி நேரம்.”

“உதடு மரத்துப்பூடும்ன்றாங்களே சார்.”

“இருபத்திரண்டு வருடமாகப் பல் எடுக்கிறேன். உதடு மரத்துவிட்டது என்று இதுவரை ஒரு நோயாளிகூட வாய்விட்டுப் புகார் சொன்னதில்லை.”

“எது நல்லதுன்னு ரெண்டு பேரும் பேசி ஒரு லெட்டர் குட்த்தா போதும் சார். வெளிய டாக்டர் கீறாரு, அவரு பாத்துப்பாரு.”

பொன்ராஜ் கன்னியம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார். இரண்டு துறைகளும் பேசிக்கொள்வதற்கு நிலையத்தில் வழி இல்லை. கருத்து வேறுபாடு ஏற்பட்டால் அது சிகிச்சைத் தேர்வுப் பரிசீலனைக் குழுவுக்குப் போகும். குழு இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை கூடும். குழுவின் முன்னால் வரும்போது நோயாளியிடம் பத்து நாளுக்குள் எடுத்த எக்ஸ்ரேயும், பதினைந்து நாளுக்குள் வாங்கிய இதய மருத்துவர் கடிதமும் இருக்க வேண்டும்.

முதல் வியாழக்கிழமை கன்னியம்மாவிடம் எக்ஸ்ரே இருந்தது. இதய மருத்துவர் கடிதத்துக்கு வயது பதினாறு நாள் ஆகியிருந்தது. “ஒரு நாள்தான சார்” என்றாள். அந்த ஒரு நாளில் இதயத்துக்கு என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை இரண்டும் சரியாக இருந்தன. குழுத் தலைவர்தான் இல்லை. மருத்துவமனைகளில் விரைந்து முடிவெடுத்தல் என்ற நான்கு நாள் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போயிருந்தார்.

இதற்குள் பல் சும்மா இருக்கவில்லை. தாடை இறுகிக்கொண்டே வந்தது. முதலில் மூன்று விரல் அகலம் திறந்த வாய் இரண்டு விரல் ஆனது, பிறகு ஒரு விரல். சோறு போய்க் கஞ்சியானது, கஞ்சியும் ஸ்பூனில் ஓரமாக விட வேண்டியதாயிற்று. ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது அவள் சமையலறையில் நின்று, எதிரே வியாபாரிகள் இருப்பதாக நினைத்துக்கொண்டு கூவிப் பார்த்தாள். வந்த சத்தத்தைக் கேட்டு அவளுக்கே பயமாகிவிட்டது. மணலி புதுநகரில் பேக்கிங் வேலைக்குப் போயிருந்த ஜோதிகா சாயங்காலம் வந்தபோது அம்மா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். “எடம் பூடும்டி” என்று மட்டும் சொன்னாள். அதுவும் பாதிதான் வெளியே வந்தது.

மூன்றாவது வியாழக்கிழமை, தடைக்காலத்தின் ஐம்பத்தைந்தாம் நாள், குழு கூடியது. நீள மேஜை, ஐந்து பேர், ஆளுக்கொரு தட்டில் பிஸ்கட்டும் மிக்சரும். கன்னியம்மாவையும் ஜோதிகாவையும் எதிரே உட்கார வைத்தார்கள். தலைவர் டாக்டர் நீலமேகம் எழுந்து நின்று பேசினார். எதிரே இரண்டே பேர் இருந்தாலும் அவர் கடைசி வரிசைக்கும் கேட்கும்படிதான் பேசுவார்.

“முடிவெடுப்பது யாருக்கும் கைவரும். கடைத்தெருவில் கிளினிக் வைத்திருப்பவர்கூடப் பத்து நிமிடத்தில் முடிவெடுத்துவிடுவார். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. இந்தக் குழு தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. ஒரு தவறான முடிவுகூட எடுத்ததில்லை. எத்தனை முடிவு எடுத்தீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். அது விதண்டாவாதம். மேடைப் பேச்சாளர் என்று பதிவில் இருக்கிறது. அம்மா, நீங்கள் எந்தக் கட்சி?”

“கட்சிலாம் இல்ல சார். அம்மா மீன் ஏலம் வுடுது” என்றாள் ஜோதிகா.

“அடக்கமாகச் சொல்கிறார்” என்று தலைவர் உட்கார்ந்தார். “துறைகள் தங்கள் தரப்பை வைக்கலாம்.”

டாக்டர் ஜெரினா முன்னால் சாய்ந்தார். “மூன்றே அமர்வில் இந்தப் பல்லைக் காப்பாற்றித் தருகிறேன்.”

கன்னியம்மா அவர் பக்கம் திரும்பினாள். தலை ஆடியது.

டாக்டர் பொன்ராஜ் அதைப் பார்த்துவிட்டார். “ஒரே அமர்வில் எடுத்துத் தருகிறேன்.”

கன்னியம்மாவின் தலை இந்தப் பக்கம் திரும்பி ஆடியது.

“மூன்று அமர்வோடு பல்லுக்கு மேலே உறையாகக் கேப்பும் போட்டுத் தருகிறேன்” என்றார் ஜெரினா.

ஆடியது.

“அதற்கு நேர் மேலே இருக்கும் ஞானப்பல்லையும் சேர்த்து எடுத்துவிடுகிறேன். நாளைக்கு அதுவும் சொத்தையாகும்.”

ஆடியது.

“பக்கத்துப் பல்லுக்கும் வேர் சிகிச்சை, அதற்கும் கேப்.”

“நாலு ஞானப்பல்லும்.”

“வலது பக்கம் முழுவதும் ஈறு சீரமைப்பு.”

“இடது பக்கமும் திறந்து பார்த்துவிடுகிறேன்.”

பதினெட்டு வருஷப் பழக்கம். எதிரே இரண்டு பேர் போட்டிக்கு நின்றால் அந்தக் கழுத்து வேறென்ன செய்யும். இறாலாக இருந்திருந்தால் அன்றைக்கு அருமையான விலை கிடைத்திருக்கும். கன்னியம்மாவுக்கு நடப்பது புரிந்தபோது இரண்டு கையாலும் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜோதிகா எழுந்து அம்மாவின் தாடையைப் பிடிக்கப் போனாள், வலி தாங்காமல் அம்மா தட்டிவிட்டாள். அதற்குள் தலைவர் மேஜையைத் தட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

“எழுதிக்கொள்ளுங்கள். நோயாளி பல் காப்புத் துறைக்கு நான்கு முறையும் பல் நீக்கத் துறைக்கு நான்கு முறையும் தலையசைத்துத் தம் முழுச் சம்மதத்தைத் தெரிவித்தார். இரு துறைகளின் உணர்வுகளுக்கும் நோயாளியின் விருப்பத்துக்கும் மதிப்பளித்து, மேற்படிப் பல் முதலில் காக்கப்பட்டு, கேப் போடப்பட்டு, அதன் பின் நீக்கப்படும்.”

மற்ற உறுப்பினர்கள் கைதட்டினார்கள். முதல் மாடிப் பலகையிலும் ஒன்று ஏறும், இரண்டாம் மாடிப் பலகையிலும் ஒன்று ஏறும்.

“சார், அது சம்மதம் இல்ல சார்” என்றாள் ஜோதிகா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “அம்மா ஏலத்துல அப்டித்தான் தலைய ஆட்டும். இன்னும் ஏத்துங்கோன்னு அர்த்தம் சார்.”

“நாங்களும் ஏற்றிக்கொண்டுதானே இருந்தோம்” என்றார் தலைவர் குழப்பத்தோடு. பிறகு பெருந்தன்மையாகச் சொன்னார். “சரி. சம்மதத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. நோயாளி தன் வாயால், தெளிவாக, தன் காரணத்தோடு சொல்ல வேண்டும். உறவினர் சொன்னால் செல்லாது. சொல்லுங்கள் அம்மா.”

கன்னியம்மா சொன்னாள். ஒரு விரல் அகல வாய்க்குள்ளிருந்து அவளால் முடிந்தவரை சொன்னாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் சொன்னது எந்த எழுத்திலும் சேராத ஒரு நீண்ட சத்தமாக வந்து நின்றது. பதிவு மேஜையிலிருந்து குறிப்பெடுக்க வந்திருந்த கஸ்பார் தலைவரைப் பார்த்தார். தலைவர் கஸ்பாரைப் பார்த்தார். “நோயாளி கண்ணீர் மல்க நன்றி கூறினார்” என்று எழுதப்பட்டது. தேதி செல்போனுக்கு வரும் என்று சொன்னார்கள்.

தீர்மானத்தின் நகலை எடுத்துக்கொண்டு மொஹ்சின் டாக்டரிடம் ஓடினார்கள். அவர் இரண்டு தடவை படித்தார்.

“காப்பாத்தி, அப்பால புடுங்கணுமா? இத்த வெச்சிகினு நான் இன்னா அக்கா பண்றது? நான் எத்தப் பண்ணாலும் தப்பாப்பூடும். இப்போ வாயே தொறக்கல, உள்ள ஊசி கூட பூவாது.” கிருமிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவருக்கும் கோபம்தான். ஆனால் அவரால் ஆனது அந்த மாத்திரைதான்.

மாத்திரையில் வலி கொஞ்சம் அடங்கியது. வாய் திறக்கவில்லை.

தடைக்காலம் முடிந்தது. முதல் மீன் இறங்கிய விடியலில் கன்னியம்மா குளித்து, புதுப் புடவை கட்டி, தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு ஏலக்கூடத்தில் தன் இடத்தில் போய் நின்றாள். சிலுவைமுத்துவின் படகு நல்ல பாடோடு வந்திருந்தது. வஞ்சிரம், கடம்பா, பெரிய பாறை மீன். பெட்டிகளை அவள் காலடியில் வரிசையாக வைத்தார்கள். வியாபாரிகள் சுற்றி நின்றார்கள். அவள் துணியை அவிழ்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஜோதிகா பிற்பாடு சொன்னாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவள் மறுபடியும் கையைத் தூக்கினாள். சிலுவைமுத்து மரியாதை தெரிந்தவர். பக்கத்து இடங்களில் இரண்டு படகு மீன் விலைபோகும் வரை பொறுத்துப் பார்த்தார். அப்புறம் கிட்டே வந்தார்.

“ஐஸ் உருகி ஓடுதுக்கா” என்றார். குரலை ரொம்பத் தணித்துத்தான் சொன்னார்.

கூடத்தின் ஓரத்தில் சின்னப் படகுகளுக்குக் கூவும் டில்லிபாபுவைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து கன்னியம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நின்றான். “நானா வர்ல அக்கா. கூப்ட்டாங்க” என்றான். கன்னியம்மா நகர்ந்து இடம் விட்டாள். அவன் கூவத் தொடங்கினான். நன்றாகத்தான் கூவினான்.

கன்னியம்மா ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்போது ஜோதிகாவின் செல்போனில் நிலையத்திலிருந்து செய்தி வந்தது. அவள் மனதுக்குள் ஒருமுறை படித்துவிட்டு, அப்புறம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

“அன்புடையீர். தங்கள் சிகிச்சை தொடர்பான தீர்மானம் அனைத்து நிலைகளிலும் ஒப்புதல் பெற்றுவிட்டது. மீன்பிடிப் பருவம் தொடங்கிவிட்டதால், தங்கள் தொழில் எவ்விதத்திலும் பாதிக்கப்படக் கூடாது என்ற கருணை நோக்கில், சிகிச்சை அடுத்த ஆண்டுத் தடைக்காலத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. தங்கள் தொழில் சிறக்க நிலையம் வாழ்த்துகிறது.”

கன்னியம்மா ஏதோ சொன்னாள். பதினெட்டு வருஷம் துறைமுகம் முழுக்கக் கேட்ட குரல், ஒட்டி நின்ற மகளுக்குக் கேட்கவில்லை.

“இன்னாம்மா?” என்று ஜோதிகா குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

கன்னியம்மா துணியை எடுத்துத் தாடையைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.